மண்ணெண்ணெய் ஊற்றும் தீயணைப்புப் படை: ரே பிராட்பரியின் நாவலும் நெருப்பின் வரலாறும்

1933 மே 10ஆம் தேதி இரவு பெர்லினில் மழை. ஓபரா சதுக்கத்தில் ஜெர்மன் மாணவர் சங்கத்தினர் அடுக்கிவைத்திருந்த விறகும் புத்தகங்களும் நனைந்துபோய்த் தீப்பிடிக்க மறுத்தன. பாதுகாப்புக்காக வந்து நின்ற தீயணைப்புப் படையினர்தான் பெட்ரோல் டின்களைக் கொண்டுவந்து உதவினார்கள். அப்புறம் எரிந்தது. 20,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள். கோயபல்ஸ் வந்து பேசினார். எரிஷ் கெஸ்ட்னர் என்ற எழுத்தாளர், தன் பெயரைச் சொல்லித் தன் நூல்கள் தீயில் வீசப்படுவதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தீயணைப்புப் படையே தீ மூட்டும் என்ற படிமத்துக்காக ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' கொண்டாடப்படுகிறது. 1953 அக்டோபரில் வெளிவந்த நாவல். அதீத கற்பனை, தலைகீழாக்கப்பட்ட உலகம் என்றெல்லாம் எழுதினார்கள். பெர்லின் மழையைப் பற்றிய பதிவுகளைப் படித்த பிறகு எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. நாவல் வருவதற்கு இருபது வருஷம் முன்பே, நகராட்சிச் சம்பளம் வாங்கும் தீயணைப்பு ஊழியர்கள் அதைச் செய்து முடித்திருக்கிறார்கள். நாவலில் இருப்பது நடந்ததை விதியாக மாற்றும் வேலை. ஒரு ராத்திரி உதவியாகச் செய்ததை வேலை நேரம், சீருடை, விதிப் புத்தகம் உள்ள ஒரு துறையாக ஆக்கிக் காட்டுகிறது.

இந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர் முதலில் தடுக்கி விழும் இடம் தொழிலின் பெயர். ஆங்கிலத்தில் 'ஃபயர்மேன்' என்ற சொல்லுக்குள் நெருப்பும் ஆளும் மட்டும்தான் இருக்கிறார்கள். அணைப்பதா மூட்டுவதா என்பது சொல்லில் இல்லை. அந்த ஓட்டைக்குள் புகுந்துதான் பிராட்பரி தன் பிரதியையே கட்டுகிறார். நாம் 'தீயணைப்பு வீரர்' என்று வாயெடுத்த உடனே விளையாட்டு முடிந்துவிடுகிறது. (நீராவி எஞ்சின் ஓடிய காலத்து ரயில்வே குடியிருப்புகளில் ஃபயர்மேன் என்றால் கரி அள்ளிப் போடுகிறவர், நெருப்பை வளர்க்கிறவர். அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்த நாவல் கொஞ்சம் சுலபமாகவே பிடிபடும்.) வேலைக்காரர், காவல்காரர் என்பதுபோல நான் இங்கே 'தீக்காரர்' என்றே எழுதிப்போகிறேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். புத்தகம் வைத்திருப்பது குற்றமான ஓர் எதிர்கால அமெரிக்கா. மோன்டாக் என்ற தீக்காரன் மண்ணெண்ணெய்க் குழாயோடு போய்ப் புத்தகங்களைக் கொளுத்துகிறான். அதில் அவனுக்கு இன்பம் இருக்கிறது. அந்த இன்பத்திலிருந்துதான் நாவல் தொடங்குகிறது என்பதை நாம் லேசாகத் தாண்டிப் போகக் கூடாது. தணிக்கையை எதிர்க்கும் பிரதி, தணிக்கை செய்பவனின் சுகத்தைத் தன் முதல் பக்கத்தில் வைக்கிறது. காஸ்டன் பாஷ்லார் 1938இல் நெருப்பின் உளப்பகுப்பாய்வு பற்றி எழுதிய சிறு நூலில், நெருப்பு நமக்கு முதலில் விலக்காகத்தான் அறிமுகமாகிறது என்கிறார்: தொடாதே என்று பெரியவர் கையில் அடிக்கிற அடி, சுடுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. அந்த விலக்கை மீற அனுமதி பெற்ற பெரிய குழந்தைகள்தான் பிராட்பரியின் தீக்காரர்கள். அரசு அவர்களுக்குத் தந்திருக்கும் கூலியில் பாதி இந்த அனுமதி.

இவர்கள் சட்டைக் கையில் சாலமாண்டர் சின்னம், மார்பில் ஃபீனிக்ஸ். அவர்களுடைய வண்டிக்கும் சாலமாண்டர் என்றே பெயர். நாவலின் முதல் பகுதியின் தலைப்பிலும் கணப்பும் சாலமாண்டரும் சேர்ந்தே வருகின்றன. சாலமாண்டர் ஒருவகை நீர்நிலவாழி. தவளைக்கு ஒன்றுவிட்ட உறவு. அது தீயில் எரியாது, தீயிலேயே வாழும் என்று ஐரோப்பா பல நூற்றாண்டுகள் நம்பிவந்தது. பிரான்சின் முதலாம் ஃபிரான்சுவா அரசன் அதைத் தன் இலச்சினையாக வைத்துக்கொண்டான். எரியாத துணி ஒன்று உண்டு, அது சாலமாண்டரின் ரோமத்தில் நெய்தது என்ற நம்பிக்கையும் இருந்தது. அதெல்லாம் கதை, மண்ணுக்குள்ளிருந்து வெட்டியெடுக்கிற பொருள் அது என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். அந்தப் பொருள்தான் ஆஸ்பெஸ்டாஸ்.

இங்கேதான் வரலாறு ஒரு குரூரமான வேடிக்கையைச் செய்கிறது. 1953இல் பாலன்டைன் பதிப்பகம் இந்த நாவலின் 200 பிரதிகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் அட்டை போட்டு வெளியிட்டது. எரிக்க முடியாத புத்தகம் என்று விளம்பரம். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் கொள்ளை விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலைத் தின்னும் பொருள். சுரங்கத்திலும் ஆலையிலும் அதைச் சுவாசித்த தொழிலாளிகள் செத்தார்கள். நாவலில் வீடுகளெல்லாம் தீப்பிடிக்காதவையாகக் கட்டப்பட்ட பிறகுதான் தீக்காரர்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. பிறகுதான் எரிக்கும் வேலை அவர்களுக்குத் தரப்படுகிறது. தீப்பிடிக்காத வீடு என்பது பிராட்பரிக்கு ஒரு முன்னேற்றக் கனவு. ஒரு வாக்கியத்தில் கடந்துபோகிறார். அந்தக் கனவை யார் உடம்பில் ஏற்றினார்கள் என்பது அவர் புத்தகத்தின் அட்டையிலேயே இருந்தது.

கணப்புக்கு வருவோம். அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்குக் கணப்பு என்பது வரவேற்பறைச் சுவரில் உள்ள குடும்ப மையம். நாவலில் அந்த இடத்தைச் சுவர் அளவு தொலைக்காட்சிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மோன்டாக்கின் மனைவி மில்ட்ரெட் மூன்று சுவர்களை வாங்கிவிட்டாள், நான்காவதுக்கு நச்சரிக்கிறாள். கதை முடியும் தறுவாயில், ஊரை விட்டு ஓடிவந்த மோன்டாக் தண்டவாளத்தோரம் நாடோடிகளின் சிறு தீயைப் பார்க்கிறான். எரிக்காமல் குளிர்காய வைக்கும் நெருப்பை அவன் முதல்முறையாக அறிவது அங்கேதான். நாவலின் மிக அழகான இடம் அது. ஆனால் அடுப்படியில் புகை குடித்துக் கண் எரியச் சமைக்கும் பெண்ணுக்கு, நெருப்புக்கு இன்னொரு முகம் இருக்கிறது என்பது ஒன்றும் கண்டுபிடிப்பு இல்லை. அடுப்பு, கணப்பு என்று நமக்கு இருப்பது இரண்டு சொல். பிராட்பரியிடம் இருப்பது கணப்பு மட்டும்தான்.

அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் புத்தகங்களை மனப்பாடம் செய்துவைத்திருக்கும் பேராசிரியர்கள். எல்லாரும் ஆண்கள். புத்தகமாக மாறும் தகுதி நாவலில் எந்தப் பெண்ணுக்கும் வாய்க்கவில்லை. மோன்டாக்கை விழிக்கச் செய்கிற கிளாரிஸ் பாதியிலேயே காணாமல் போகிறாள், மில்ட்ரெட் காட்டிக்கொடுக்கிறாள். மிச்சமிருப்பவள் பெயர்கூட இல்லாத ஒரு கிழவி. அவளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வழக்கமாகப் போலீஸ் முன்னாலேயே போய் வாயில் பிளாஸ்திரி ஒட்டி ஆளை அப்புறப்படுத்திவிடும். தீக்காரர்கள் பொருளை மட்டும்தான் எரிப்பார்கள், அதனால் மனசாட்சி உறுத்தாது. கிழவி வீட்டில் அந்த ஒழுங்கு தவறிவிடுகிறது. அவள் நகர மறுக்கிறாள். மண்ணெண்ணெயில் நனைந்த புத்தகக் குவியலின் நடுவே நின்று, தீக்காரர்கள் கொளுத்துவதற்கு முன்பு தானே ஒரு தீக்குச்சியைக் கிழிக்கிறாள். 1555இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரிட்லியோடு சேர்த்து உயிரோடு எரிக்கப்பட்ட லாட்டிமரின் பேச்சு அவள் வாயில் வருகிறது. நெருப்பு யாருடையது என்ற கேள்வியை நாவலில் செயலாகக் கேட்பவள் அவள் ஒருத்திதான். எரிக்கும் உரிமையை அரசிடமிருந்து ஒரு நிமிஷம் பிடுங்கிக்கொள்கிறாள்.

பிராட்பரி இதை எழுதிய இடமும் சொல்லத்தக்கது. கல்லூரிக்குப் போகாதவர், பொது நூலகத்தில் படித்து வளர்ந்தவர். கலிஃபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தின் பாவெல் நூலக நிலவறையில், அரை மணிக்குப் பத்து சென்ட் வாடகைத் தட்டச்சு இயந்திரத்தில், 9 டாலர் 80 சென்ட் செலவில் முதல் வடிவத்தை முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1951 பிப்ரவரி 'கேலக்ஸி' இதழில் 'தி ஃபயர்மேன்' என்ற பெயரில் அது வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனைகள் தொடங்கியிருந்தன. அந்த வெளிச்சம் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை தெரிந்தது. நாவலின் முடிவில் நகரம் ஒரு நொடியில் அழிவதை வாசிக்கும்போது இந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தீக்குச்சிக்கும் குண்டுக்கும் நடுவில் நாவல் கோடு கிழிப்பதில்லை.

நாவலின் விதிப் புத்தகப்படி தீக்காரர் படை 1790இல், ஆங்கிலேயச் சார்புள்ள நூல்களை எரிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. முதல் தீக்காரர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். நிஜ ஃபிராங்க்ளின் 1736இல் ஃபிலடெல்ஃபியாவில் தீயணைப்புக் குழு அமைத்தவர். அதற்கு ஐந்து வருஷம் முன்பு அதே ஊரில் சந்தா நூலகத்தைத் தொடங்கியவரும் அவரே. 1790 அவர் செத்துப்போன வருஷம். நூலகமும் தீயணைப்பும் ஒரே ஆளின் கையிலிருந்து வந்தவை. அந்த ஆள் செத்த வருஷத்தை, எதிர்த்துப் பேச அவர் இல்லாத வருஷத்தை, அதிகாரம் தன் பிறந்த தேதியாக எழுதிக்கொள்கிறது. பிறந்த தேதியைத் திருத்தாத அதிகாரம் ஏது?

சரி, நிஜ அமெரிக்காவில் என்ன எரிந்தது? 1948 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர் என்ற சிறு நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் படக்கதைப் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். அதே டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்ப்டனிலும் அப்படியே. ஆசிரியர்கள், பெற்றோர், பாதிரிமார் எல்லாரும் பக்கத்தில் நின்று ஆசீர்வதித்தார்கள். ஹிட்லரைத் தோற்கடித்து மூன்று வருஷம் சொச்சம் மட்டுமே ஆகியிருந்த காலம், ஒருவருக்கும் கூசவில்லை. ஏன்னா அது 'குப்பை'. 1954இல் செனட் விசாரணை, அதைத் தொடர்ந்து படக்கதைத் தொழிலே தனக்குத்தானே விதித்துக்கொண்ட தணிக்கை நெறி. நாவலிலோ நிலைமை நேர் எதிர்: ஷேக்ஸ்பியர் எரிகிறார், படக்கதைகள் தப்பிக்கின்றன. பிராட்பரி சின்ன வயதிலிருந்தே படக்கதைப் பைத்தியம். அவர் கதைகளையே படக்கதையாகப் போட்டார்கள். அப்படிப்பட்டவர்கூட, எரிக்கப்படும் எழுத்து என்று வரும்போது செவ்வியல் நூலைத்தான் தீயில் வைக்க வேண்டியிருந்தது. படக்கதை எரிகிறது என்று எழுதியிருந்தால் எத்தனை பேராசிரியர்கள் கலங்கியிருப்பார்கள்?

1953 ஏப்ரலில் மெக்கார்த்தியின் ஆட்களான கோனும் ஷைனும் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க அரசு நூலகங்களைச் சோதனை போடச் சுற்றுப்பயணம் போனார்கள். கம்யூனிஸ்டுகள், சந்தேகத்துக்குரியவர்கள் எழுதிய நூல்கள் அலமாரியிலிருந்து இறங்கின. டாஷியல் ஹாமெட்டின் துப்பறியும் கதைகளும் அதில் அடக்கம். சில புத்தகங்கள் நிஜமாகவே எரிக்கப்பட்டதை வெளியுறவுத் துறையே ஒப்புக்கொண்டது. ஜூன் 14 அன்று ஐசன்ஹோவர் டார்ட்மத் கல்லூரியில், புத்தகம் எரிப்பவர்களோடு சேராதீர்கள் என்று மாணவர்களுக்கு உபதேசம் செய்தார். நாவல் வந்து மூன்று வருஷத்துக்குள், அதே ஐசன்ஹோவர் ஆட்சியில், 1956 ஆகஸ்டில், நீதிமன்ற உத்தரவின்படி வில்ஹெல்ம் ரைஷின் புத்தகங்களும் இதழ்களும் ஆறு டன் அளவுக்கு நியூயார்க் நகராட்சிச் சூளையில் போடப்பட்டன. உணவு மருந்து நிர்வாகத்தின் வழக்கு. ரைஷின் ஆர்கோன் பெட்டி மோசடியாகவே இருக்கட்டும். பாசிசத்தின் வெகுசன உளவியல் பற்றிய நூலும் சேர்ந்துதானே எரிந்தது? மறுவருஷம் அவர் சிறையிலேயே இறந்தார். தாங்க முடியாத விஷயம் என்னவென்றால், சதுக்கமும் கூட்டமும் பேச்சும் இல்லாததால் அது யாருக்கும் 'புத்தக எரிப்பு' என்று படவில்லை. குப்பை அகற்றல். அவ்வளவுதான்.

இப்போது நாவலின் மையச் சிக்கலுக்கு வரலாம். தீக்காரர் தலைவன் பீட்டி, எப்படி இந்த நிலை வந்தது என்று மோன்டாக்குக்கு ஒரு நீண்ட வகுப்பு எடுக்கிறான். தணிக்கை மேலிருந்து ஆணையாக வரவில்லை என்கிறான். வெகுசனப் பண்பாடு, வேகம், சுருக்கப் பதிப்புகள், பிறகு சிறுபான்மையினரின் மனப்புண். நாய் வளர்ப்போர், பூனை வளர்ப்போர், டாக்டர்கள், வக்கீல்கள், பல்வேறு சபைக் கிறிஸ்தவர்கள், குடியேறிகள் என்று ஒரு பட்டியல். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு புத்தகம் உறுத்துகிறது. அதனால் எல்லாவற்றையும் எரி. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இந்த இடம் ருசிக்கும்: அதிகாரம் தடையாக மட்டும் இல்லாமல் விருப்பமாகவும் இன்பமாகவும் கீழிருந்து உற்பத்தியாகிறது. நானும் ரசித்தேன். ஆனால் பீட்டி சொல்லும் முதல் உதாரணத்தைப் பாருங்கள். கறுப்பர்களுக்கு 'லிட்டில் பிளாக் சாம்போ' பிடிக்கவில்லை, எரி.

அந்தப் புத்தகத்துக்கும் நம் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. 1899இல் வந்த அந்தக் குழந்தைக் கதையை எழுதிய ஹெலன் பானர்மேன், வெள்ளைக்கார ராணுவ டாக்டரின் மனைவியாகச் சென்னை மாகாணத்தில் வாழ்ந்தவர். பிள்ளைகளைக் கொடைக்கானலில் விட்டுவிட்டுச் சென்னை திரும்பிய பயணத்தில் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. கதையில் புலிகள் மரத்தைச் சுற்றி ஓடி ஓடி நெய்யாக உருகுகின்றன. புலி, நெய், ஆனால் படத்தில் இருப்பது ஆப்பிரிக்கரைக் கேலி செய்யும் முகம். அமெரிக்காவுக்குப் போய் 'சாம்போ' கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிடும் வசவாக நிலைத்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்தகப்பன் இந்தப் புத்தகம் வகுப்பறையில் வேண்டாம் என்று கேட்டதும், பூனை வளர்ப்போரின் முணுமுணுப்பும் பீட்டியின் பட்டியலில் ஒரே எடை.

1939 ஆகஸ்ட் 21 அன்று வர்ஜீனியா மாநிலத்தில் ஐந்து கறுப்பு இளைஞர்கள் பொது நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுக்கப்பட்டது. ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு ஒருவராக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. அந்த ஊரின் பெயர் அலெக்சாண்டிரியா! நூலக அழிவு என்றதும் எல்லாரும் எகிப்தின் அலெக்சாண்டிரியாவுக்குப் போவார்கள். வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவுக்கு யாரும் போவதில்லை. அங்கே எதுவும் எரியவில்லை. புத்தகங்கள் பத்திரமாக அலமாரியில் இருந்தன. 1961இல் மிசிசிப்பியின் ஜாக்சனில் ஒன்பது டூகலூ கல்லூரி மாணவர்கள் அதே காரியத்தைச் செய்து அதே மாதிரி கைதானார்கள். நாவல் வெளியான 1953 இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நெருப்பைத் தணிக்கையின் ஒரே குறியீடாக வைத்துக்கொண்டால், முதலிலேயே புத்தகத்தைத் தொட விடாமல் செய்யப்பட்டவர்கள் படத்திலேயே வர மாட்டார்கள். எரிவதற்கு முன்னால் ஒருவன் கையில் அது இருந்திருக்க வேண்டுமே.

இந்த இடத்தில் மகாட் நினைவுக்கு வராமல் போகாது. 1927 டிசம்பர் 25 அன்று அம்பேத்கரும் தோழர்களும் மனுஸ்மிருதியை எரித்தார்கள். 'புத்தகம் எரிப்பது பாசிசம்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்கள் இதை என்ன செய்வார்கள்? படிப்பைத் தடுத்த சட்டப் புத்தகத்தை, தடுக்கப்பட்டவர்கள், ஒரே ஒரு பிரதியை, பகிரங்கமாக எரித்தார்கள். அந்தப் புத்தகம் அதன் பிறகும் கிடைத்தது, இன்றும் கிடைக்கிறது. அழிப்பது அங்கே நோக்கம் இல்லை. அதன் புனிதத்துக்குச் சாவு அறிவிப்பதுதான் நோக்கம். எரித்தவரோ பம்பாயில் பல்லாயிரம் நூல்களுக்காகவே வீடு கட்டியவர். அரசு எரிப்பதற்கும் அடிபட்டவன் எரிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல பிராட்பரியின் குறியீட்டு அகராதியில் சொல் கிடையாது. கிழவியின் தீக்குச்சி மட்டும் அதன் அருகே வருகிறது. (யாழ்ப்பாணம் 1981ஐ இந்தக் கட்டுரையில் ஓர் உதாரணமாக இழுக்க எனக்கு விருப்பமில்லை. அந்தத் தீயைக் குறியீட்டுக் கணக்கில் கரைக்கக் கூடாது.)

நாவலுக்குப் பின்னால் நடந்த கதை இன்னும் விசேஷம். 1967இல் பாலன்டைன், பள்ளிக்கூடங்களுக்கென்று தனிப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. வசவுச் சொற்கள், கருக்கலைப்பு பற்றிய குறிப்பு என்று 75 இடங்களில் கை வைத்தார்கள். குடிகாரன் நோயாளி ஆனான். ஆசிரியரிடம் சொல்லவில்லை; புத்தகத்தில் எங்கும் அறிவிக்கவும் இல்லை. சில வருஷம் இரண்டு பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் விற்றன. 1973க்குப் பிறகு வெட்டிய பதிப்பு மட்டுமே அச்சாகி, பெரியவர்களுக்கும் அதுவே போய்ச் சேர்ந்தது. ஆறு வருஷம். தணிக்கையை எதிர்க்கும் நாவல் தணிக்கை செய்யப்பட்டு விற்றுக்கொண்டிருந்தது, புகை இல்லை, மண்ணெண்ணெய் வாசனை இல்லை. 1979இல் விஷயம் பிராட்பரியின் காதுக்கு வந்தது. அதன் பிறகுதான் முழு வடிவம் மீண்டது.

அப்போது அவர் நாவலுக்கு ஒரு பின்னுரை எழுதிச் சேர்த்தார். கோபம் நியாயமானது. ஆனால் யார் மீது? வெவ்வேறு மதத்தார், இனத்தார், பெண்ணியவாதிகள் என்று ஒவ்வொரு சிறுபான்மையும் தீக்குச்சியோடு அலைவதாக ஒரு பட்டியல் போடுகிறார். பீட்டியின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். குரல் வித்தியாசம் தெரியவில்லை. தான் படைத்த வில்லனின் வரலாற்றுப் பாடத்தை ஆசிரியரே, இருபத்தாறு வருஷம் கழித்து, சொந்தக் குரலில் ஒப்பிக்கிறார். அந்த 75 இடங்களை வெட்டியது எந்தச் சிறுபான்மையும் இல்லை. எந்த ஊர்வலமும் நடக்கவில்லை. பள்ளிக்கூடச் சந்தையைக் குறிவைத்து, பதிப்பக மேசையில், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் யாரோ ஒருவர் பேனாவால் அடித்தார்.